தொண்டைமானாற்றில் பதிந்த இருபத்து மூன்று நிமிடங்கள்

காலை ஐந்தரை மணிக்குக் கொழும்புத்துறையிலிருந்து சைக்கிளில் கிளம்பினேன். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, ஆவணி மாதம். போகவேண்டிய இடம் தொண்டைமானாறு. ஏறக்குறையப் பதினாறு மைல். சட்டைப் பைக்குள் ஒரு கசற். ஒரு றொக் பாட்டைப் பதிந்து வருவதற்காக சண்டையும் பொருளாதாரத் தடையுமான இந்தக் காலத்தில் இவ்வளவு தூரம் உழக்குகிறவனை விசரன் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள்.

பாட்டு எனக்கில்லை, சந்திரனுக்கு. பள்ளிக்கூட நாளிலிருந்தே நாங்கள் இரண்டு பேரும் றொக், புளூஸ் என்று தேடித் தேடிக் கேட்டவர்கள்; அவன் கிற்றாரும் வாசிப்பான். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அவனை ஆனி மாதமே ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதல்நாள் பின்னேரம் நான் போனபோது, வீங்கிய முகத்தோடு சிரித்தான்.

“பழசெல்லாம் பாடமடா. போறதுக்கு முதல் புதுசா ஒண்டு கேக்கவேணும். தொண்டைமானாற்றிலை கப்பலாலை வந்த யோகண்ணையிட்டை ஏதோ நீளப் பாட்டு இருக்காம். பதிஞ்சுகொண்டு வா.”

சொல்லிக்கொண்டே தலையணைக்குக் கீழிருந்து இந்தக் கசற்றை எடுத்துத் தந்தான். ஒரு பக்கத்தில், கனடாவிலிருந்து அவனுடைய தங்கச்சி பேசி அனுப்பியது. மறுபக்கத்தில் அவனே வாசித்த கிற்றார், அரை மணித்தியாலம். அவன் வாசித்ததில் பதிவென்று உலகத்தில் இருப்பது அது ஒன்றுதான்.

“தங்கச்சியின்ரை பக்கத்தைத் தொட்டியோ, உன்னைக் கொல்லுவன். என்ரையை அழி.”

“உனக்கென்ன விசரோ?”

“நான் வாசிச்சதையே நான் திரும்பத் திரும்பக் கேட்டு என்னடா செய்யிறது?”

சரி என்று தலையாட்டினேன். வழியில் எப்படியாவது ஒரு வெறுங்கசற் வாங்கிவிடுவது என்பது என் திட்டம்.

ஆறேகாலுக்குக் கோப்பாய். கடைகள் திறக்கவில்லை. நீர்வேலி வாழைத் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் மெசின்கள் மண்ணெண்ணெய் இல்லாமல் சும்மா கிடந்தன, துலா மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஏழு மணிக்குப் புத்தூர்ச் சந்தியில் ஒரு பிளேன்ரீ, கடிக்கப் பனங்கட்டி, மூன்று ரூபாய். ரீயைக் குடித்து முடிப்பதற்குள் ஹெலிச் சத்தம் கேட்டது. எல்லோரும் எழும்பி மரத்துக்குக் கீழே போய் நின்றோம். அது வேறு திசையில் போய்விட, மிச்ச ரீயை ஆறிய பிறகு குடித்தேன்.

அச்சுவேலிச் சந்தையடியில் ஒரு றேடியோ திருத்தும் கடை திறந்திருந்தது. அங்கே கேட்டேன்.

“வெறுங்கசற்றோ?” கடைக்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “தம்பி எந்த நாட்டாலை வாறீர்? பற்றறி இல்லை, சவுக்காரம் இல்லை, உமக்கு வெறுங்கசற்!”

“பழசெண்டாலும் பரவாயில்லை, அண்ணை.”

“பழசுகளிலைதான் எல்லாரும் மேலாலை மேலாலை பதியினம். போட்டு வாரும்.”

எட்டே முக்காலுக்குத் தொண்டைமானாறு. கடல் நீரேரியைத் தொடுகிற இடத்தில் வள்ளங்கள் கரையில் ஏற்றிக் கிடந்தன. தொழிலுக்குப் போக நேவி விடுவதில்லை. காற்றில் மீன் வாசம்கூட இல்லை. யோகண்ணை வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. பதினைந்து வருடம் சரக்குக் கப்பலில் ஓடியவர், விடுமுறையில் வந்து, சண்டையில் பாதை மூடியதும் இங்கேயே அகப்பட்டுவிட்டார். ஒரு பெட்டி நிறையக் கசற். எல்லாம் துறைமுகங்களில் வாங்கியவை. ஒன்றையும் இரவல் கொடுக்கமாட்டார்.

“என்ரை கசற் படலை தாண்டாது. இருந்து கேளும், பதியும், போம்.”

கரண்ட் இல்லாததால், இரண்டு சைக்கிள்களைக் கவிழ்த்து வைத்து, டைனமோக்களை ஒரு இரட்டைக் கசற் செற்றோடு தொடுத்திருந்தார். பெடலைக் கையால் சுற்றவேண்டும். ஒன்றை அவர், மற்றதை நான். என் கசற்றை முதலில் போட்டுப் பார்த்தார். சந்திரனின் கிற்றார் கேட்டது. சுற்றுவதை நிறுத்தினார்.

“ஆர் இது?”

“என்ரை கூட்டாளி. கடும் வருத்தம், படுக்கையிலை. அவன்தான் இதை அழிக்கச் சொன்னவன்.”

“நீர் என்ன சொல்லுறீர்?”

திரும்பிப் போய் “கிடைக்கவில்லை” என்று பொய் சொல்லலாம். அவன் போன பிறகு இது என்னிடம் இருக்கும். அந்த எண்ணம் வந்ததும் வெட்கமாகப் போய்விட்டது. அவன் உயிரோடு இருந்து ஒன்றைக் கேட்கிறான்; நானோ அவன் செத்த பிறகு எனக்கு என்ன மிஞ்சும் என்று கணக்குப் பார்க்கிறேன்.

“போடுங்கோ, அண்ணை.”

பாட்டின் பெயரும் தெரியாது, குழுவின் பெயரும் தெரியாது. உறையில் உப்புத் தண்ணீர் பட்டு எழுத்து ஊறியிருந்தது. மெதுவான புளூஸாகத் தொடங்கியது. பாடியவன் நிறுத்தியதும் வாத்தியங்கள் ஒன்றையொன்று துரத்த ஆரம்பித்தன.

“எப்ப முடிக்கிறதெண்டு பேசி வைக்கிறேல்லை. ஆளை ஆள் பார்த்துத்தான் முடிப்பினம்,” என்றார் யோகண்ணை, மூச்சு வாங்க.

கை தளர்ந்தால் சத்தம் கம்மும், அதனால் தளரவிடவில்லை. இருபத்து மூன்று நிமிடம். முடிந்த கையோடு பதிவை நிறுத்தினேன். தோள் இரண்டும் கழன்றுவிழுவது போலிருந்தது.

பின்னேரம் இரண்டரைக்குக் கொழும்புத்துறை. சந்திரனின் கட்டிலருகே என் சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவை அவனுடைய செற்றோடு தொடுத்துச் சுற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். விரல்கள் மட்டும் போர்வைமேல் அசைந்தன. நடுவில் ஒருதரம், “ஐயோ, எங்கை போறாங்களடா!” என்றான். கடைசித் தட்டு விழுந்தது. நான் சுற்றுவதை நிறுத்துமுன், எந்த இடைவெளியுமில்லாமல் இன்னொரு கிற்றார் தொடங்கியது. அவன் வாசித்ததில் மிச்சமிருந்த ஏழு நிமிடம் அழியாமல் நின்றிருக்கிறது. என் கை தளர்ந்து சத்தம் கம்மியது.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. “நிப்பாட்டாதை. உவன் ஆர்? உவனும் பரவாயில்லாமல் வாசிக்கிறான்,” என்றான்.

நான் அழுதுகொண்டே பெடலைச் சுற்றினேன். அடுத்த பதினொரு நாளும் அதையே கேட்டோம். பன்னிரண்டாம் நாள் அவன் இல்லை.

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி எல்லோரும் ஊரைவிட்டுக் கிளம்பியபோது அந்தக் கசற் வீட்டிலேயே நின்றுவிட்டது. இப்போது நான் இருக்கும் ஊரில் மின்சாரம் நிற்பதேயில்லை. கடை கடையாக மெட்டை முணுமுணுத்துக் காட்டித் தேடி, பல வருடத்துக்குப் பிறகு அந்தப் பாட்டை இசைத்தட்டில் கண்டுபிடித்தேன். கதிரையில் சாய்ந்து, கை நோகாமல், முழுவதும் கேட்டேன். ஒரு குறையும் இல்லாத பதிவு. கடைசித் தட்டு விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. தெரிந்தும், ஏழு நிமிடம் எழும்பாமல் இருந்தேன்.