பெருமுக்கல் இலந்தையும் நான் கொட்டிய எறும்பு மருந்தும்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன், எனக்கு வெட்கமான இடத்தையும் சேர்த்து. போன மாதப் பெருமுக்கல் மலைப் பதிவில் ‘ஒரு புழுவைக் காப்பாற்றினேன்’ என்று பெருமையாக எழுதியிருந்தேன். பலர் பாராட்டினீர்கள். அது தவறு.

அன்று மலையடிவாரத்து இலந்தைப் புதரில், இலைகளை நூலால் சேர்த்த ஒரு கூட்டுக்குள் பச்சைப் புழு இருந்தது. அதன்மேல் எறும்புகள் ஏறிக்கொண்டிருந்தன. தின்கின்றன என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் வெளியூருக்குச் சோறு கட்டினால், பையைச் சுற்றித் தூவ எறும்பு மருந்தும் கூடவே வரும். அந்தப் பொட்டலம் முழுவதையும் புதரின் அடியில், எறும்புப் பொந்தில் கொட்டினேன்.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளி நூலகத்தில் ஒரு பூச்சிப் புத்தகத்தில் அதே போன்ற புழுவின் படத்தைப் பார்த்தேன். இறக்கையில் வெள்ளிக்கோடு ஓடும் சின்னப் பட்டாம்பூச்சியின் புழு அது. அது சுரக்கும் இனிப்பு நீரை எறும்புகள் குடிக்கின்றன. பதிலுக்குக் குளவியும் சிலந்தியும் அண்டாமல் காக்கின்றன. தாய்ப்பூச்சி எறும்பு உள்ள செடியாகப் பார்த்துத்தான் முட்டையிடுமாம். நான் கொன்றது காவல்காரர்களை.

ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்தச் சனிக்கிழமைப் பயணம். விழுப்புரத்தில் காலை 7.10க்குப் பேருந்து, கூட்டேரிப்பட்டு வழியாகத் திண்டிவனம் 8.20. அங்கிருந்து மரக்காணம் சாலையில் போகும் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 9.05க்கு இறங்கி அம்மாவும் நானும் இருபது நிமிடம் நடந்தோம்.

“எல்லாரும் சாமி பாக்க மலைக்குப் போவாங்க. நான் புழு பாக்கப் போய்க்கினு இருக்கேன்,” என்று அம்மா பேருந்தில் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார்.

புதர் இல்லை. முழங்கால் உயரக் கட்டை மட்டும் நின்றது. அருகில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த செல்வி என்ற அக்காவிடம் கேட்டேன்.

“அதுவா? கத்தி வெச்சாலே எறும்பு கை மேல ஏறிக்கும், பேஜாரு புடிச்ச செடி. நாலு வருசமா தொடவே முடியல. திடீர்னு பாத்தா ஒரு எறும்பு இல்ல. ஜல்தியா வெட்டி ஆட்டுப்பட்டிக்கு வேலி கட்டிட்டேன். எந்த மகராசி மருந்து போட்டாளோ, நல்லா இருக்கட்டும்.”

அம்மா என்னைப் பார்த்தார். நான்தான் என்று சொன்னேன். புத்தகத்தில் படித்ததையும் சொன்னேன்.

செல்வி அக்கா கட்டையருகே வந்து குனிந்து பார்த்தார். பிறகு, “வெள்ளிக்கோடு போட்ட குட்டிப் பூச்சியா? வெட்டினப்புறம் ரெண்டு நாளு இந்தக் கட்டையவே சுத்திக்கினு இருந்துச்சு. பூவத் தேடுதுன்னு நெனச்சேன்,” என்றார்.

பட்டிக்குக் கூட்டிப்போனார். வேலியில் காய்ந்திருந்த கிளைகளை மதியம் வரை இலை இலையாகப் பார்த்தோம், அம்மாவும் பார்த்தார். ஒரு கூட்டில் கறுத்துச் சுருங்கிய புழு இருந்தது. நான் பார்த்த அதே புழுவா என்று தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன்.

“பாறைக்குப் பின்னால இன்னொரு இலந்தை கீது. அதுல எறும்பு இருக்குது. இனிமே அத நான் வெட்ட மாட்டேன்,” என்றார் செல்வி அக்கா. “நீ உன் பொட்டலத்தத் தூக்கினு அங்க போயிடாத.”

சாப்பிட்டுவிட்டு அங்கே போய் இரண்டு மணி நேரம் நின்றேன். எறும்பு மட்டும்தான் இருந்தது.

பெருமுக்கல் போகிறவர்களுக்கு: ஒன்பதரைக்குள் ஏறத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் பாறை சுடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். சோற்றுப்பையைத் தோளிலேயே வைத்துக்கொள்ளுங்கள், எறும்பு மருந்து வேண்டாம். புழுவைச் சுற்றி எறும்புகளைப் பார்த்தால் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள், போதும். பழைய பதிவை அழிக்கப் போவதில்லை. அதன் தொடக்கத்தில் இதை இணைத்துவிடுகிறேன்.

இதையெல்லாம் திரும்பும்போது, திண்டிவனத்தில் 6.15க்கு ஏறிய பேருந்தில் நோட்டில் எழுதினேன். கட்டையைச் சுற்றிய அந்தப் பூச்சி மூன்றாம் நாள் எங்கே போயிருக்கும் என்று ஒரு வரி எழுத நினைத்தேன். கண்டக்டர் டிக்கெட் போட்டு முடித்திருந்தார். விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.