பெயர் சொல்லாத காய்ச்சல்

என் மகளுக்கு ஒன்றரை வயதில் வந்த அந்தக் காய்ச்சலைப் பற்றி யாராவது கேட்டால், என் மாமனாரைப் பற்றித்தான் முதலில் சொல்ல ஆரம்பிப்பேன். அந்த வாரம் ஃப்ரீமான்ட்டில் எங்கள் அபார்ட்மெண்ட்டில் இருந்தது மூன்று பேர்தான். நான், அவர், குழந்தை.

என் மனைவியின் அக்கா டெக்ஸஸில், பேர்லேண்டில் இருக்கிறாள். அவளுக்கு இரண்டாவது பிரசவம். ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். ஊரிலிருந்து எங்களிடம் வந்திருந்த மாமியாரை அழைத்துக்கொண்டு என் மனைவி அங்கே கிளம்பினாள். அம்மாவை விட்டுவிட்டு, சில நாள் கூடமாட இருந்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். டேகேர் போகும் பிள்ளைக்கு எந்நேரமும் மூக்கு ஒழுகும். பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு அதை எப்படிக் கூட்டிப்போவது? அதனால் மகள் என்னோடு. எங்களுக்குத் துணைக்கு மாமனார்.

துணை என்று சொன்னாலும், நானும் அவரும் தனியாக உட்கார்ந்து பேசியதே கிடையாது. மயிலாடுதுறைப் பக்கம் மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயதில் என் அப்பாவைவிட மூத்தவர். ஆனாலும் 'வாங்க மாப்பிள்ளை, சாப்பிடுங்க மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார். நான் ஹாலுக்கு வந்தால் டிவி சத்தத்தைக் குறைப்பார். நான் சோபாவில் உட்கார்ந்தால் அவர் எழுந்து சாப்பாட்டு மேஜை நாற்காலிக்கு மாறிவிடுவார். மரியாதை என்ற பெயரில் ஒருவரை ஒருவர் ஒரு கை தூரத்திலேயே வைத்திருந்தோம்.

மனைவி போன மறுநாள் மதியம் மீட்டிங்கில் இருந்தபோது டேகேரிலிருந்து போன். "குழந்தைக்கு ஜுரம். உடனே வந்து கூட்டிட்டுப் போங்க." போய்த் தூக்கினேன். என் சட்டையைத் தாண்டி நெஞ்சில் சுட்டது. வீட்டுக்கு வந்து தெர்மாமீட்டர் வைத்தால் நூற்று நாலு.

சளி இல்லை. இருமல் இல்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு எதுவும் இல்லை. மாலையில் குழந்தைகள் டாக்டர் பார்த்தார். காதுக்குள் பார்த்தார், தொண்டையில் லைட் அடித்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "எல்லாம் நார்மல். ஏதோ வைரஸா இருக்கும். தண்ணி நிறைய குடுங்க, பார்ப்போம்" என்றார். காய்ச்சல் மருந்து எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒரு முறை என்று சொல்லி அனுப்பினார்.

மருந்து கொடுத்தால் கொஞ்சம் இறங்கும். அந்தக் கொஞ்ச நேரம் எழுந்து உட்கார்ந்து பொம்மையைப் பார்ப்பாள். பிறகு கன்னம் சிவக்கும், கண் சொருகும், மறுபடி ஏறிவிடும். மனைவி வீடியோ காலிலேயே இருந்தாள். "கேமராவ அவ முகத்துகிட்ட கொண்டு போ. மூச்சு வேகமா வாங்கறாளா? நான் டிக்கெட் மாத்தட்டுமா?" டாக்டர் சொன்னதையே நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். வைரஸ்தான். போயிடும்.

வீட்டுக்குள் வேறொரு போராட்டமும் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. மாமனார் குழந்தைக்கு சாக்ஸ் போட்டுவிடுவார். டாக்டர் மெல்லிய துணி போதும் என்று சொல்லியிருந்ததால் நான் கழற்றிவிடுவேன். லேப்டாப்பில் ஒரு மெயிலுக்குப் பதில் எழுதிவிட்டுத் திரும்பினால் சாக்ஸ் மறுபடி காலில் இருக்கும். கூடவே தலையில் குல்லாவும் ஏறியிருக்கும். நான் அதையும் கழற்றுவேன். அவர் ஜன்னல் வழியே கார்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

காய்ச்சல் இறங்கவே இல்லை என்பதால் மறுபடி டாக்டரிடம் போனோம். பெண் குழந்தைக்குக் காரணம் தெரியாமல் காய்ச்சல் நீடித்தால் சிறுநீரில் தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இவ்வளவு சின்னக் குழந்தையிடம் எப்படிப் பிடிப்பது? மெல்லிய டியூப் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். நான் குழந்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். "அப்பா, நோ! அப்பா, நோ!" என்று என்னைப் பார்த்தே கத்தினாள். செய்வது நர்ஸ், ஆனால் பிடித்திருப்பது நானல்லவா? மாமனார் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். அங்கே ஒட்டியிருந்த விலங்குகளின் படங்களை ஒவ்வொன்றாகப் படிப்பதுபோல முகத்தை வைத்திருந்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்ததை மட்டும் பார்த்தேன்.

அந்த டெஸ்ட்டும் நார்மல். சாதாரணமாக நார்மல் என்றால் நிம்மதி வரவேண்டும். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பயம் கூடியது. இது இல்லை, அது இல்லை என்றால், பிறகு எதுதான்?

மனைவி டிக்கெட்டை மாற்றிவிட்டாள். மறுநாள் காலையில் கிளம்புவதாகச் சொன்னாள்.

அவள் அப்படிச் சொன்ன அன்று மதியம் மாமனார் சோபாவில் உட்கார்ந்து குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். "மாப்பிள்ளை" என்று ஒரு குரல். அந்தக் குரலில் அவர் என்னை அதுவரை கூப்பிட்டதில்லை. கை ஈரத்தோடு ஓடினேன்.

குழந்தையின் உடம்பு விறைத்திருந்தது. கண் மேலே போய்விட்டது, வெள்ளைதான் தெரிந்தது. பிறகு கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தன. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. அவளை வாங்கித் தரையில் கார்ப்பெட்டில் கிடத்தினேன். அவசர உதவிக்கான நைன் ஒன் ஒன்னுக்கு எப்படி டயல் செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல், அவசரமே இல்லாமல், "ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. வாயில எதையும் வைக்காதீங்க. கையைக் காலைப் பிடிச்சு அழுத்தாதீங்க. வந்துட்டு இருக்காங்க. நான் லைன்லயே இருக்கேன்" என்றது. சொன்னபடி செய்தேன்.

மாமனார் வீடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தார். டிராயர்களை இழுக்கும் சத்தம், பாத்திரம் விழும் சத்தம். என் கார் சாவியைக் கொண்டுவந்து குழந்தையின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். அது பிளாஸ்டிக் என்று தெரிந்ததும் எறிந்துவிட்டு மறுபடி ஓடினார். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பது எங்கள் ஊர்களில் வழக்கம்.

"இரும்பு எங்க மாப்பிள்ளை? இந்த வீட்ல ஒரு இரும்புகூட இல்லையா?" அவர் கேட்டபோது குரல் உடைந்துவிட்டது. சமையலறை வாசலிலேயே உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

வலிப்பு தானாகவே நின்றது. சில நிமிஷங்கள்தான் இருந்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். உடம்பு துவண்டு, பெருமூச்சு ஒன்று விட்டு, அவள் தூங்கிப்போனாள். உதட்டில் மெல்ல நிறம் திரும்பியது. நான் அவள் மூக்கருகே கையை வைத்தபடியே இருந்தேன்.

முதலில் வந்தது தீயணைப்பு வண்டி. பெரிய பூட்ஸ் போட்ட ஒரு ஆள் கார்ப்பெட்டில் மண்டியிட்டு, விரலில் கிளிப் மாட்டி, "மூச்சு நல்லா இருக்கு. இதயம் நல்லா இருக்கு" என்று எனக்குக் கேட்கும்படி ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆம்புலன்ஸில் நான் குழந்தையோடு பின்னால் ஏறினேன். மாமனார் கீழே நின்றுகொண்டிருந்தார். கைலி, மேலே ஸ்வெட்டர், காலில் பாத்ரூம் செருப்பு. ஓட்டுநர் அவரைப் பார்த்துவிட்டு முன்கதவைத் திறந்து கையைக் காட்டினார். அவர் கைலியை மடித்துப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

எமர்ஜென்சியில் எங்களைப் பார்த்தது இளம் பெண் டாக்டர். குழந்தையை நன்றாகப் பரிசோதித்துவிட்டு என்னிடம் கேட்க ஆரம்பித்தார். முன்னால் இப்படி வந்திருக்கிறதா? தலையில் அடிபட்டதா? குடும்பத்தில் யாருக்காவது காய்ச்சலோடு வலிப்பு வந்திருக்கிறதா?

"இல்ல. யாருக்கும் இல்ல" என்றேன்.

"யெஸ் டாக்டர்."

திரும்பினேன். மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தார். "ஹர் மதர். மை டாட்டர். சேம் ஏஜ். ஹை ஃபீவர், ஃபிட்ஸ். டூ டைம்ஸ். ஆஃப்டர் தட், நத்திங்." மேலதிகாரிக்கு ரிப்போர்ட் சொல்வது மாதிரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரின் முகம் இளகியது. வேகமாக ஏறும் காய்ச்சலில் சில குழந்தைகளுக்கு இப்படி வரும், குடும்பத்தில் இருந்தால் வர வாய்ப்பு அதிகம், பெரும்பாலும் எந்தப் பாதிப்பும் வைக்காது, வளர வளரப் போய்விடும் என்று விளக்கினார். "அம்மா இப்ப நல்லா இருக்காங்கதானே?" என்று கேட்டார். நல்லா இருக்கா, சாஃப்ட்வேர் இன்ஜினியர், பத்து பேரை மேய்க்கிறா என்றேன். சிரித்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்து பார்த்துவிட்டு அனுப்புவதாகச் சொல்லிப் போனார்.

திரைச்சீலைக்குள் நாங்கள் மட்டும். குழந்தை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மறைச்சோம்னு நெனைக்காதீங்க மாப்பிள்ளை. அவளுக்கே தெரியாது. பொண்ணாச்சே, வலிப்புன்னு ஒரு வார்த்தை வெளிய போனா யாரு எடுப்பாங்கன்னு அவ அம்மா பயந்தா. எங்க வீட்டுக்குள்ளகூட பேச மாட்டோம். உங்கம்மா பொண்ணு பார்க்க வந்தப்ப, உடம்புக்கு ஏதாவது உண்டான்னு கேட்டாங்க. ஒண்ணும் இல்லன்னேன்."

எனக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. என் அம்மா அன்று கேட்காத கேள்வியே இல்லை.

"சின்ன வயசுல வந்த ஜுரம் மாமா. அதைப் போய்..." என்றேன். பிறகு, "இப்ப நீங்க சொன்னதாலதான் அந்த டாக்டருக்கே தெளிவாச்சு. எனக்கும் இப்பதான் மூச்சு வருது" என்றேன். அது உண்மை.

அவர் தலையை ஆட்டினார். "ரெண்டு தடவையும் நான் ஊர்ல இல்ல. முதல் தடவை புயல் டியூட்டி. கம்பமெல்லாம் சாஞ்சு கெடந்துது, வீட்டுக்கே வரல. வந்தப்ப, இப்படி ஆச்சு, இப்ப தேவலைன்னு அவ அம்மா சொன்னா. சரின்னு குளிச்சுட்டு மறுபடி போயிட்டேன்." தூங்கும் குழந்தையைப் பார்த்தார். "இப்படி இருக்கும்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும், மாப்பிள்ளை. அவ தனியா பார்த்திருக்கா."

நான் ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கையை அவர் முழங்கைமேல் வைத்தேன். அவர் நகர்ந்து உட்காரவில்லை.

மறுநாள் மனைவி ஏர்போர்ட்டிலிருந்து பெட்டியோடு ஓடிவந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் போனிலேயே சொல்லியிருந்தேன், அவளுடைய வலிப்பைத் தவிர. அதை அப்பாவே சொல்லட்டும் என்று விட்டேன். அவர் சொன்னார். "எனக்கா? எனக்காப்பா?" என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு குழந்தையின் கன்னத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் படுத்திருந்தாள்.

அதற்கடுத்த காலையில் குழந்தையின் நெற்றி குளிர்ந்திருந்தது. நம்பாமல் தெர்மாமீட்டர் வைத்தோம், மறுபடி வைத்தோம். சட்டையை மாற்றும்போது நெஞ்சிலும் முதுகிலும் இளஞ்சிவப்புப் புள்ளிகள். பதறிக்கொண்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் பார்த்ததுமே சிரித்தார். "ரோசியோலா. சின்னக் குழந்தைங்களுக்கு வர்ற வைரஸ்தான். காய்ச்சல் விட்டதும் புள்ளி வரும். அதுவரைக்கும் என்னன்னு சொல்லவே முடியாது. இனி பயமில்ல." இத்தனை நாள் ஆட்டிவைத்துவிட்டு, கிளம்பும்போது பெயரைச் சொல்லிவிட்டுப் போகிற விருந்தாளி மாதிரி இருந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்து ரசஞ்சாதம் ஊட்டினோம். இரண்டு வாய் வாங்கிவிட்டு, தட்டைத் தள்ளி, "நோ!" என்று அதட்டினாள். அந்த அதட்டலைக் கேட்டு நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். மனைவிக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது.

அந்த நேரத்தில்தான் பேர்லேண்டிலிருந்து மாமியார் கூப்பிட்டார். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள். குழந்தையைப் பற்றி எல்லாம் விசாரித்தபின், குரலைத் தாழ்த்தி, "அப்பா மாப்பிள்ளைகிட்ட அதைச் சொல்லிட்டாராமே?" என்றார்.

"நான் இங்கதான் இருக்கேன் அத்தை" என்றேன். "சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு."

மனைவி, "அன்னிக்கு என்னம்மா ஆச்சு எனக்கு?" என்று கேட்டாள்.

மாமியார் மெதுவாக ஆரம்பித்தார். தெருவெல்லாம் தண்ணீர், கரண்ட் இல்லை. பெரியவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, சின்னவளைப் பிளாஸ்டிக் பையால் போர்த்தித் தூக்கிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் டாக்டர் வீடுவரை நடந்திருக்கிறார். போகும் வழியெல்லாம் குழந்தைக்கு உயிர் இருக்கிறதா என்று நின்று நின்று காதை வைத்துப் பார்த்தாராம். மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லையாம்.

"இத்தனை வருஷத்துல இதெல்லாம் ஏம்மா சொல்லவே இல்ல?"

"யாரு கேட்டா?" என்றார் மாமியார். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

மாமனார் எழுந்து வந்து, மகளின் கையிலிருந்து போனை வாங்கி, ஸ்பீக்கரை அணைத்தார். பால்கனிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடி வழியே அவர் முதுகு தெரிந்தது. அவர் பேசியது குறைவு. போனைக் காதில் அழுத்தி வைத்துக்கொண்டு, குனிந்து, கேட்டுக்கொண்டே நின்றார். உடம்பெல்லாம் புள்ளியோடு என் மகள் தத்தித் தத்திப் போய்க் கண்ணாடியைத் தட்டினாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் உள்ளே வர வெகுநேரம் ஆனது.