பாஸ்டரம்மா வளர்த்த பன்றி

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில், காய்ச்சலாயிருந்த என் மகள் பாயெல்லாம் வாந்தி எடுத்துவிட்டாள். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. பக்கத்திலிருந்த லோசலினி அக்கா பாட்டை நிறுத்தவே இல்லை. பாடிக்கொண்டே தன் தோள் துணியால் துடைத்து, சுருட்டித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் இருந்தவர்களுக்கு நடந்ததே தெரியாது.

அக்கா எங்கள் பாஸ்டர் செமிசியின் மனைவி. ஃபிஜித் தீவிலிருந்து கடல் தாண்டி, ஆற்றுவழியாய் எங்கள் காட்டுக்கு ஊழியத்துக்கு வந்த குடும்பம். எங்கள் மழை அவர்களைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. வெயில் தலைகாட்டினால் பாஸ்டர் தன் வேதாகமத்தைப் பூஞ்சை பிடிக்காமல் காயவைப்பார். அக்கா மூன்று பிள்ளைகளின் துணிகளைக் காயப்போடுவார். உடனே மழை கொட்டும். இருவரும் ஓடுவார்கள். பாஸ்டர் துணியை அள்ளுவார், அக்கா வேதாகமத்தை அள்ளுவார். அதைப் பார்க்கவே நாங்கள் நனைந்துகொண்டு நிற்போம்.

அக்கா ஒரு பன்றிக்குட்டியும் வளர்த்தார். பேர் பிஸ்கட். கோயிலுக்குப் போனாலும் பின்னாலேயே வரும்.

"இது உங்களுக்கு நாலாவது புள்ளக்கா" என்பேன்.

"மத்த மூணும் சொன்ன பேச்சு கேக்குதா? இதுதான் கேக்குது."

அப்போது எங்களுக்கும் அக்கரைக்காரர்களுக்கும் தோட்டத்து நிலத் தகராறால் பேச்சுவார்த்தை கிடையாது. என் தங்கை யவானே அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இரண்டு வருஷமாக அவள் முகத்தை ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்தேன். பாஸ்டர் படகில் போய்ப்போய்ப் பேசினார். கர்த்தர் கிருபையால், ஈஸ்டருக்குப் பன்றி விருந்து வைத்தால் வருகிறோம் என்றார்கள். மிஷன் வீட்டில் இருந்த பன்றி பிஸ்கட் ஒன்றுதான்.

விருந்தன்று அக்கா காலையிலிருந்தே வேலையிலிருந்து நிமிரவில்லை. சுட்ட கல்லில் வெந்த கறியை இலையில் வைத்து எல்லாருக்கும் கொடுத்தார். பிறகு விருந்தாளிகளோடு உட்கார்ந்து, தானும் ஒரு துண்டை வாயில் போட்டார்.

எல்லார் கையும் நின்றுவிட்டது. எங்கள் பக்கம் வளர்த்தவர்கள் அந்தப் பன்றியைத் தின்பதில்லை. கையால் ஊட்டியது பிள்ளைதானே. மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து அழுவோம். அதையெல்லாம் ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்று எங்களில் யாருக்குத் தோன்றும்?

யவானேயின் மாமியார் மாபோ இலையைக் கீழே வைத்தாள்.

"பெத்த புள்ளைய திங்கறவ கையால நாம திங்கணுமா? எழுந்திருங்கடி, போலாம்."

யவானேயும் எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஓடிப்போய் அக்கா காதில் சொன்னேன்: "வளத்தவங்க திங்கக் கூடாதுக்கா. அழணும்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அழலாமா? வந்தவங்க முன்னாடி அழுதா மரியாதையில்ல, சாப்பிடாம இருந்தாலும் மரியாதையில்லன்னு விடிஞ்சதுலேருந்து அடக்கிட்டிருக்கேன்டி."

துண்டை இலையில் துப்பிவிட்டு அழுதாரே பாருங்கள். பிஸ்கட்டின் காது, அது குறட்டை விடுவது, பாவாடையைப் பிடித்து இழுப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச்சொல்லி அழுதார். படகுப் பக்கம் போன மாபோ திரும்பி வந்தாள்.

"கூறுகெட்டவளே, இதை முன்னாடியே செய்ய வேண்டியதுதானே" என்று அக்காவின் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள். இரு கரைப் பெண்களும் சேர்ந்துகொண்டோம்.

பாஸ்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "இப்ப ஜெபம் பண்ணலாமா?"

"சும்மா இருங்க பாஸ்டர்" என்றாள் மாபோ. "இன்னும் அழுது முடியல."

முடிந்ததும் அக்கா தவிர எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யவானே வந்து என் இலையிலிருந்த கொழுப்பையெல்லாம் சின்ன வயசில் செய்வதுபோலவே பொறுக்கித் தின்றாள். நான் இலையை அவள் பக்கம் தள்ளி வைத்தேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் எங்களோடு இருந்தார்கள். வேறு ஊழியத்துக்கு மாற்றலாகிப் போன அன்று இரு கரையும் துறையில் கூடிவிட்டது. அக்கா படகில் ஏறி உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சொன்னார்:

"அழாதீங்கன்னு சொல்ல மாட்டேன், நல்லா அழுங்க. படகு அந்த வளைவு திரும்புற மட்டும்தான். அப்புறம் எல்லாரும் சேர்ந்து சாப்பிடப் போங்க."