பத்து நாள் விதி

பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். ஈரோட்டில் சாயப்பட்டறை, ஓசூரில் செல்போன் பழுது பார்க்கும் கடை என்று சுற்றிவிட்டு, கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் ஒரு தகரக் கூரை அறையில் கிடந்தேன். அப்போது நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு செயலியைக் கவனித்துவந்தோம். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தவும் செய்யலாம். ஊர் ஊராகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பவர்கள், அடுத்து யாரை என்றைக்குப் பார்க்க வேண்டும் என்று போனில் குறித்துவைப்பதற்கானது அது. மற்ற மூவரும் நிரல் எழுதுவார்கள். வந்து குவியும் பிழைப் புகார்களைப் பிரிப்பது என் வேலை. எது வெளியீட்டை நிறுத்த வேண்டியது, எது அடுத்த பதிப்புவரை பொறுக்கும், எதை மூடிவிடலாம் என்று நான் சொல்ல வேண்டும்.

விவரம் கேட்டுப் பத்து நாளில் பதில் வராத புகாரை மூடிப் பூட்டிவிடுவோம்; பிறகு அந்தப் பக்கத்தில் யாரும் எழுத முடியாது. அந்த விதியைப் போட்டதே நான்தான்.

புதிய பதிப்புக்கு இரண்டு வாரம் இருந்தபோது வெள்ளிமலையிலிருந்து ஒரு புகார் வந்தது. 'பதிந்த பெயர்கள் காணாமல் போகின்றன.' அவ்வளவுதான். என் போனில் நான்கு முறை பதிந்து பார்த்தேன். ஒன்றும் போகவில்லை. 'என்ன செய்தபோது போயின?' என்று கேட்டு எழுதினேன்.

மறுநாள் இடஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியது. சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். மலைக்கு ஒரு வாரத்துக்கும் மேல் பஸ்ஸும் இல்லை, ஜீப்பும் இல்லை. சாப்பாட்டுக் கடை திறக்காததால் இரண்டு நாள் பொரியையும் தண்ணீரையும் வைத்து ஓட்டினேன். ஆகவே மறியல் எனக்குத் தெரியாததல்ல. மலையில் பல ஊர்களில் சிக்னல் கிடையாது, கீழே இறங்கினால்தான் எதையும் அனுப்ப முடியும் என்பதும் தெரியும்.

பத்தாம் நாள் நால்வரும் போனில் பேசினோம். சென்னைக்காரர் ஆரம்பித்தார்.

"இன்னாபா, அந்த வெள்ளிமலை இன்னும் தொங்கிக்கினு கீது?"

"பதில் வரலண்ணா."

"உன் ஊரு பக்கம்னு பாசமா? விதி போட்ட மகராசனே நீதான்!"

மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே மூடினேன். 'தெரிந்த பிழைகள் எல்லாம் தீர்க்கப்பட்டன' என்று வெளியீட்டு அறிவிப்பையும் நானே எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து, அதே ஆளிடமிருந்து வேறொரு புகார். 'மறுபடியும் போய்விட்டது. இந்த முறை பன்னிரண்டு பேர்.'

அடுத்த ஜீப்பில் மலை ஏறினேன்.

புகார் அனுப்பியவர் ஒரு சிறு தொண்டு அமைப்பில் வேலை பார்த்த பெண். நாற்பது வயதிருக்கும். நான் யாரென்று சொல்லிவிட்டுத் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"குந்துங்க தம்பி. கேள்வி கேட்டது நீங்கதானா? நான் அப்பவே எழுதி வெச்சிட்டேனே."

நோட்டைப் பிரித்துக் காட்டினார். நீல மையில் இருந்தது: 'வணக்கம் அய்யா. சிக்னல் இல்லாத ஊரில் பதிந்து, போனை அணைத்துத் திறந்தால் போய்விடுகிறது.' நான் கேட்டதற்கு மறுநாள் தேதி.

"கேள்விய கீழ வடக்கனந்தல்ல பாத்தேன். சரியா பாத்து சொல்லலாம்னு மேல வந்தேன், ரோடு நின்னுபோச்சி. எறங்கி வந்தா பக்கம் பூட்டிக் கெடக்குது. எல்லாம் தீந்துச்சின்னு வேற போட்டிருந்தீங்க. நீங்களே கண்டுபுடிச்சிட்டீங்கன்னு நெனச்சி, புதுச போன்ல ஏத்திக்கினு, நோட்டுல எழுதறத வுட்டுட்டேன்."

"அந்தப் பன்னண்டு பேரு?"

"பதினோரு பேர ஞாபகம் வெச்சி தேடிப் போய்ட்டேன். ஒருத்தி ஞாபகத்துக்கு வரல. ரத்தக்கொதிப்பு இருந்த பொண்ணு. அப்புறம் நெனப்பு வந்து நான் போறதுக்குள்ள கொழந்த வயித்துலயே அடங்கிடுச்சி." நோட்டை மூடிவைத்தார். "டீ குடிக்கறீங்களா?"

அவர் டீ போட உள்ளே போனதும், சிக்னல் இல்லாத என் போனில் ஒரு பெயரைப் பதிந்தேன். அணைத்தேன். திறந்தேன். பட்டியல் வெறுமையாக இருந்தது. மொத்தம் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

அந்தப் பிழையை நான்கு நாளில் சரிசெய்தார்கள். பூட்டிய புகார்ப் பக்கத்தைத் திறந்து, நோட்டில் இருந்ததை அப்படியே ஏற்றினேன். அதன் பிறகு அதை மூடவில்லை. அப்புறம் எத்தனையோ ஊர் மாறிவிட்டேன். புதிதாகச் சேரும் யாராவது எழுதுவார்கள்: 'இது எப்போதோ தீர்ந்துவிட்டதே, ஏன் திறந்திருக்கிறது?'

பத்து நாள் போகும். நான் பதில் எழுதுவதில்லை, மூடுவதுமில்லை.