பஸ் ஸ்டாண்டுக் கடிகாரத்தின் பத்து நிமிஷம்

எனக்கு அப்போதெல்லாம் ஓரிடத்தில் உட்காரவே வராது. எங்கள் டவுண் பவர்ஹவுஸில் எண்ணெய் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஊருக்கு விளக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்றிருந்த காலத்தில் நிம்மதியாகப் பீடி குடித்துக்கொண்டு கிடந்தேன். பஸ் முதலாளி கொழும்பிலிருந்து ஒரு மின்சாரக் கடிகாரம் வாங்கிவந்து பஸ் ஸ்டாண்டில் மாட்டினாரே, அன்றைக்குப் பிடித்தது சனியன்.

அந்தக் கடிகாரத்துக்குச் சாவியும் கிடையாது, ஊசலும் கிடையாது. உள்ளே ஒரு சின்ன மோட்டார். கரண்டு நொடிக்கு ஐம்பது தடவை துடித்தால் சரியான நேரம் காட்டும். நாற்பத்தொன்பதாகக் குறைந்தால் மணிக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் பின்தங்கும். என் எஞ்சின் தளர்ந்தால் ஊருக்கே நேரம் தளரும் என்றால் மனுஷனுக்குத் தூக்கம் வருமா? வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் எஞ்சினில் ஒரு கைச்சக்கரம் உண்டு. தந்தி ஆபீசில் சாயங்காலம் நாலு மணிக்கு வரும் நேரக்குறிப்பை வைத்துச் சரிசெய்த ஊசல் கடிகாரம் ஒன்று பவர்ஹவுஸ் சுவரில் தொங்கியது. அதைப் பார்ப்பேன், சக்கரத்தைத் தொடுவேன், பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவேன், திரும்பி வருவேன். சோறு தொண்டையில் இறங்காது.

மாசி மாதம் கும்பப்பூ அறுப்பு முடிந்து, பூதப்பாண்டிப் பக்கத்து நெல்லெல்லாம் டவுண் மில்லுகளில் வந்து குவியும். மில்லெல்லாம் சேர்ந்து ஓடும்போது எஞ்சினுக்கு மூச்சு முட்டும். கடிகாரம் பகலில் இரண்டு மூன்று நிமிஷம் பின்னால் போகும். மில்லுகள் நின்றபிறகு எஞ்சினைக் கொஞ்சம் விரட்டி, காலை ஆறு மணி பஸ்ஸுக்கு முன்னால் சரியாக்கிவிடுவேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருஷம் என் தங்கைக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. டீச்சர் வேலை. பதினோரு மணிக்கு நேரில் வர வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்தவளுக்கு. வேலை கிடைக்காவிட்டால் சித்திரையில் அவளை இரண்டாந்தாரமாகக் கொடுப்பதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை என்னைவிடப் பத்து வயது மூத்தவர். “அந்த ஆளு வீட்டுல போயி நான் எப்படிண்ணே இருப்பேன்?” என்று என்னிடம் மட்டும் கேட்டாள். ஆறு மணி பஸ்ஸில் நானே கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் ஒரு மில் பாக்கியில்லாமல் எல்லாம் ஓடின. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிப் பார்த்தால் கடிகாரம் பத்து நிமிஷம் பின்னால். அதன் கீழே என் தங்கை. வீட்டு டைம்பீஸைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்து, அண்ணாந்து பார்த்துப் பார்த்து முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் நேரம் வைத்தார்கள்.

பஸ் முதலாளி பக்கத்தில் நின்றார். “என்னவே, தங்கச்சி உம்ம மணியத்தான் நம்புகா போலிருக்கே!”

“நம்பாம? எங்கண்ணன் ஓட்டுற மணியில்லா!” என்றாள்.

“ஏட்டி, பத்து நிமிஷம் கூட்டி வை” என்று சொல்ல வாய்வரை வந்தது. முதலாளி முன்னால் என் கடிகாரம் பிழை என்று எப்படிச் சொல்ல? விடியுமுன் சரியாக்கிவிடலாம், பிறகென்ன என்று நினைத்தேன். என் மடத்தனத்தை என்ன சொல்ல! நான் எஞ்சினை விரட்டினால் ஸ்டாண்டுக் கடிகாரம் ஓடும். துண்டுக்குள் இருக்கிற டைம்பீஸ் ஓடுமா?

இரவு முழுக்கச் சக்கரத்தை விட்டு நகராமல் பத்து நிமிஷத்தையும் மீட்டேன். மாற்று ஆள் வந்ததும் சட்டை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ்ஸில் பாதி இடம் காலி. அவளைக் காணோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் டைம்பீஸ் இன்னும் பத்து நிமிஷம் பின்னால்தான்.

“முதலாளி, பத்து நிமிஷம் நிக்கச் சொல்லுங்க. எந்தங்கச்சி வந்துகிட்டிருக்கா” என்று கெஞ்சினேன்.

அவர் மேலே கைகாட்டினார். “மணி ஆறாச்சில்லா? நீரே இப்படிச் சொன்னா எப்படிவே?”

பஸ் போய்விட்டது. ஏழு நிமிஷம் கழித்து அவள் வந்தாள். இருந்ததில் நல்ல சேலையைக் கட்டி, கடிதத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாக வந்தாள். “பஸ்ஸு இன்னும் வரலியாண்ணே?”

நடந்ததைச் சொன்னேன். அவள் சத்தம் போட்டிருந்தால் தேவலை. கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“நேத்து நீ பக்கத்துலதானே நின்ன?”

அடுத்த பஸ் ஒன்பது மணிக்குத்தான். அதில் போனோம். வழியெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். அவள் அசையவில்லை. பதினோரு மணி கடந்து போய்ச் சேர்ந்தபோது இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்திருந்தார்கள். சித்திரையில் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு இத்தனை வருஷமாக அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை.