மூன்றாம் வரிசையில் சிரித்தவர்

மார்ச் 4: 150
மார்ச் 19: 150
ஏப்ரல் 2: 150
ஜூன் 11: 400

அந்த அம்மா எங்கள் தொலைக்காட்சி அரங்குக்கு வந்த நாட்களும் வாங்கிய தொகைகளும் இவை. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து சிரிப்பது வேலை. அவர் தொடங்கினால் அரங்கம் முழுவதும் தொற்றிக்கொள்ளும். இரண்டாம் நாளிலேயே 'சிரிப்பக்கா' ஆகிவிட்டார். மற்ற நாட்களில் ஒரு தையல் கூடத்தில் சட்டைக்குப் பொத்தான் வைப்பார்.

பார்வையாளர் பதிவேடு என் பொறுப்பு. இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டதில்லை. அவசரத்துக்கு யாருக்குத் தகவல் சொல்வது என்றும் ஒரு கட்டம் உண்டு.

"வீட்டுக்காரர் பேரைச் சொல்லும்மா."

"அவர் விட்டுட்டுப் போய் ஒன்பது வருஷம் ஆச்சுண்ணா. பொண்ணுகிட்ட கப்பல்ல வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன். எழுதிடாதீங்க."

"சரிம்மா" என்றேன். அவர் நகர்ந்ததும் எழுதினேன்: கணவர் பிரிந்து ஒன்பது ஆண்டு, மகளுக்குத் தெரியாது.

ஜூனில் ஒரு நட்சத்திரத் தம்பதி சிறப்பு நிகழ்ச்சி நடத்த வந்தார்கள். ஆட்டம், பாட்டு, மாயாஜாலம், நடுநடுவே கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கிண்டல் செய்வது. அவர்களுக்கு வசனம் எழுதுபவர் என்னிடம் வந்தார்.

"கூட்டத்துல சுவாரசியமான ஆளு யாராவது இருக்காங்களா சார்? உங்க பதிவேட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

என் பதிவேட்டையும் ஒருவர் படிக்கக் கேட்கிறாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கொடுத்துவிட்டேன்.

நடிகை மைக்கோடு மூன்றாம் வரிசைக்கு இறங்கி வந்தார். "என்னக்கா, உங்க வீட்டுக்காரர் ஒன்பது வருஷமா ஆளையே காணோமாமே! நான் இவரை ஒன்பது நிமிஷம்கூட விட மாட்டேன்."

மேடையிலிருந்து நடிகர் கும்பிட்டார். "அக்கா, எப்படித் தப்பிச்சாருன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்!"

அரங்கம் அதிர்ந்தது. சிரிப்பக்காவும் சிரித்தார். வாங்கும் கூலிக்கு வேறென்ன செய்வார்? சிரித்தபடியே திரும்பி என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

பணம் வாங்க வந்தபோது சொன்னார்: "அண்ணா, அதை மட்டும் எடுத்துடச் சொல்லுங்க. பொண்ணு பார்ப்பா. தெருவே பார்க்கும்."

"நான் பேசறேம்மா."

போனேன். ஒப்பனை அறை வாசலில் பதினைந்து நிமிடம் நின்றேன். கதவு திறந்தது.

"என்ன பெரியவரே, ஆட்டோகிராஃபா?" என்றார் நடிகர்.

தலையாட்டினேன், கையிலிருந்த பதிவேட்டையே நீட்டினேன். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 21 அன்று நிகழ்ச்சி ஒளிபரப்பானது. ஒரு சொல்கூட நீக்கப்படவில்லை. அவர் அதன்பின் அரங்குக்கு வரவில்லை.

அவருக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். முதல் இரண்டில், கெஞ்சிக் கேட்டும் அவர்கள் மறுத்துவிட்டதாக எழுதியிருந்தேன். மூன்றாவதில் உண்மையை எழுதினேன். அதற்குத்தான் பதில் வந்தது:

"அண்ணா, பொண்ணு ஒரு மாசம் எங்கிட்ட பேசலை. இப்ப நான் போட்டா சாப்பிடறா, அவ்வளவுதான். நீங்க கேட்கலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். மனசு கேட்காம உங்க பின்னாடியே வந்து தூணோரமா நின்னேன். இனிமே எழுதாதீங்க."

கடிதம் வந்த தேதி செப்டம்பர் 23.