மேசன் சபையில் சேர நான் காத்திருந்த பதினோரு வருஷம்

எங்கள் வீட்டில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற வழக்கம் கிடையாது. கல்யாணப் பந்தியில் ரசவாளி என் இலையைத் தாண்டிப் போய்விட்டால் போனது போனதுதான். பக்கத்து இலைக்காரர் "தம்பி, இங்கிட்டு ரசம்" என்று ஒரு சத்தம் கொடுத்து வாங்கிக்கொள்வார். நான் வெறும் சோற்றை அப்பளத்தோடு மென்றபடி, பரிமாறுகிறவர் தானாகத் திரும்பிப் பார்ப்பார் என்று உட்கார்ந்திருப்பேன். இதுவரை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. இதை நெடுங்காலமாகச் சுயமரியாதை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அழைப்பு விஷயத்திலும் அப்படித்தான். வாட்ஸ்அப்பில் பத்திரிகை வந்தால் அந்தக் கல்யாணத்துக்குப் போகமாட்டேன். கணவனும் மனைவியுமாக வீட்டுக்கு வந்து, தட்டில் வைத்துக் கொடுத்து, "அவசியம் வந்துரணும்" என்று சொன்னால்தான் அழைப்பு. நான் போகாததால் எந்தக் கல்யாணமும் நின்றுபோனதாகத் தகவல் இல்லை.

இப்படிப்பட்ட ஒருவனுக்கு, யாரையும் கூப்பிடவே கூடாது என்று விதி வைத்திருக்கும் ஒரு சபையில் சேர ஆசை வந்தது.

பழங்காநத்தத்தில் என் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில் ஒரு பல் டாக்டர் இருந்தான். காலை நடையில் பழக்கம். என் வயதுதான், தொப்பையும் ஏறக்குறைய என் அளவுதான். அதனால் ஒரே வருஷத்தில் 'சார்' போய் 'மாப்ள' வந்துவிட்டது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவன் கறுப்புக் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு, தட்டையான தோல் பையை இடுக்கிக்கொண்டு என் வீட்டு வாசல் வழியாகப் போவான். மதுரையில், சித்திரை வெயிலில், கோட்டு. யார் வீட்டுக் கல்யாணம் என்று முதல் முறை கேட்டேன். ஃப்ரீமேசன் சபை, ஒவ்வொரு கிளைக்கும் லாட்ஜ் என்று பெயர், மாதாந்தரக் கூட்டம் என்றான். சொல்லிவிட்டு நடையைக் கட்டினான்.

சின்ன வயதில் எனக்குச் சொல்லப்பட்டது, அந்தச் சபைக் கட்டடத்துக்குள் போனால் தலையை வெட்டி மறுபடி ஒட்டவைப்பார்கள் என்பது. பிற்பாடு இணையத்தில் படித்தது, உலகத்தையே அவர்கள்தான் ரகசியமாக ஆள்கிறார்கள் என்பது. உலகத்தை ஆள்கிற ஒருவன் பழங்காநத்தம் ரவுண்டானாவில் கோட்டோடு நாற்பது நிமிஷம் பஸ்ஸுக்காக வேர்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தவன் நான். அதனால் இரண்டையும் நம்பவில்லை.

என்னை இழுத்தது வேறு. அங்கே அரசியல் பேசக்கூடாது, மதச் சண்டை போடக்கூடாது என்று ஒரு நாள் நடையில் சொன்னான். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. மதுரையில் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் இருபது பேர் கூடி, அரசியலும் சாதியும் சாமியும் பேசாமல் இரண்டு மணி நேரம் என்னதான் செய்வார்கள்? நான் வேலை பார்த்த இன்சூரன்ஸ் ஆபீஸில் இந்த மூன்றையும் கழித்தால் மிஞ்சுவது சம்பளம் மட்டும்தான். எனக்கும் நாற்பதைத் தாண்டியதும் நண்பர்கள் என்று இருந்தவர்கள், போனில் கட்டைவிரல் படம் போடுகிறவர்களாகச் சுருங்கிப்போயிருந்தார்கள். எங்கேயாவது போய் உட்கார வேண்டும் போல இருந்தது.

எனவே, அவன் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன்.

சும்மா இருந்தேன் என்று சொல்ல முடியாது. கோட்டு நன்றாகத் தைத்திருக்கிறது என்றேன். அவன் மோதிரத்தில் இருந்த கவராயமும் மூலைமட்டமும் என்ன என்று கேட்டு, கல் கொத்தனார்களின் கருவிகள் என்று அவன் விளக்கியதை முதல் முறை கேட்பதுபோல நாலு முறை கேட்டேன். பழைய மேசன்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை வாங்கி, அவன் வரும் நேரம் பார்த்து மேஜைமேல் மல்லாத்தி வைத்தேன். எல்லாவற்றுக்கும் பதில் சொல்வான், சிரிப்பான், பேச்சை என் ஈறுக்குக் கொண்டுபோய்விடுவான்.

நாலைந்து வருஷத்தில் ஆசை ரோஷமாக மாறியது. மாடி கட்டிப் பால் காய்ச்சியபோது, வேண்டுமென்றே அவனுக்கு வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பினேன். வலிக்கட்டும் என்று. முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால், ஐயர்கூட வந்திராத நேரத்தில், ஒரு சுவர்க்கடிகாரத்தோடு முதல் ஆளாக வந்து நின்றான். ஆணி அடிக்கச் சுத்தியல் கேட்டான். அந்தக் கடிகாரம் இன்றும் ஹாலில் ஓடுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மணி தெரிகிறது. என்னைப் பற்றியும் கொஞ்சம் தெரிகிறது.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து ஒரு காலை, நடந்துகொண்டே சொன்னான்: கிளினிக்கைக் கைமாற்றிவிட்டேன், சித்திரைத் திருவிழா முடிந்ததும் கோயம்புத்தூருக்கு மகள் வீட்டோடு போகிறேன் என்று. நான் நின்றுவிட்டேன். நல்ல மனிதனாக இருந்திருந்தால் வருத்தம் தெரிவித்திருப்பேன். எனக்கு வாயில் வந்தது வேறு.

"பதினோரு வருஷம்டா. ஒரு வார்த்த கூப்பிட்டியா என்னைய?"

எங்கே என்று அவன் கேட்கவில்லை.

"நாங்க கூப்பிடக் கூடாது மாப்ள. அதான் வழக்கம். சேரணும்னு நெனைக்கிறவன்தான் வந்து கேக்கணும். நீ எப்படா கேப்பன்னு நானும் அம்புட்டு வருஷமாப் பாத்துக்கிட்டிருக்கேன்."

"ஒரு ஜாடை காட்டியிருக்கலாம்ல?"

"கோட்ட மாட்டிக்கிட்டு உன் வாசல் வழியா எதுக்குப் போறேன்? எனக்கு மெயின் ரோடு அந்தப் பக்கம்."

அன்றைக்கே கேட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். மூன்று வாரம் ஆயிற்று. கடைசியில் டீக்கடையில் கிளாஸைப் பார்த்துக்கொண்டு, "அந்தச் சபைல சேரலாம்னு எனக்கு ஒரு எண்ணம் இருக்கு" என்றேன்.

"சரி, கேளு."

"கேட்டுட்டேன்ல?"

"கேக்கல. தகவல் சொல்ற."

டீ மாஸ்டர் உட்பட நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்னைய உங்க சபைல சேத்துக்கிறியாடா?" என்றேன். ஐம்பத்திரண்டு வயதில், யாரிடமும் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். கல்யாணத்துக்குப் பெண் கேட்டதுகூட என் மாமாதான்.

அதன்பிறகு அவன் வேகமானான். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும். இரண்டு பேரும் சபை உறுப்பினர்களாக இருக்க வேண்டும். முன்மொழிகிறவன் இவன்; வழிமொழிய ஒருவரையும் இவனே பிடித்தான். ஊரைவிட்டுப் போவதற்குள் என்னை உள்ளே கொண்டுபோய் உட்காரவைத்துவிட வேண்டும் என்பது அவன் கணக்கு. என் கணக்கும் அதுதான். அந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரிந்த ஒரே முகம் அவன். விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுத்தால், ஒரு கூட்டத்தில் வாசிப்பார்கள். வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு. தேறினால் அதற்கடுத்த கூட்டத்தில் சேர்க்கிற சடங்கு. பதினோரு வருஷம் கையில் வைத்திருந்தவனுக்கு மிச்சம் இருந்தது மூன்று கூட்டம்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வியில் பேனா நின்றது. பரம்பொருள் ஒன்று உண்டு என்று நம்புகிறீர்களா?

நான் கல்லூரிக் காலம் தொட்டுப் பிரகடனப்படுத்திக்கொண்ட நாத்திகன். பாதயாத்திரை போகிறவர்களைக் கிண்டல் செய்து பத்திரிகையில் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். எந்தச் சாமி என்று கேட்கமாட்டார்கள், அவரவர் வேதத்தில் கை வைத்துத்தான் உறுதிமொழி, ஆனால் நம்பிக்கையே இல்லாதவனுக்கு இடம் இல்லை என்றான் டாக்டர்.

"பொய் எழுதச் சொல்றியா?"

"எழுதாத. உண்மைய எழுது. உனக்கு உண்மை தெரியுமான்னுதான் எனக்குத் தெரியல."

'உண்டு' என்று எழுதினேன்.

விசாரிக்க இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். இன்னொருவரைப் பார்த்ததும் உள்ளறைக்குத் திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். ஓய்வு பெற்ற கல்லூரி முதல்வர். ஒரு கல்யாண மேடையில் இவர் இரண்டு மணி நேரம் வாழ்த்துரை வழங்கியதையும், அதற்குள் மாப்பிள்ளைக்குத் தாடி வளர்ந்துவிட்டதையும் பற்றி முன்பு ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். பெயர் போடவில்லை. பெயர் தேவைப்படாத அளவுக்கு எழுதியிருந்தேன்.

அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. காப்பி குடித்தார். குடும்பத்துக்குச் சம்மதம்தானா என்று என் மனைவியிடம் கேட்டார். மாதம் ஒரு சாயங்காலம் வீட்டில் இருக்கமாட்டார் என்றால் பரிபூரணச் சம்மதம் என்றாள். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "சாருக்குக் கடவுள் நம்பிக்கை உண்டுங்களா? அவர் எழுதுறத வாசிச்சா அப்படித் தெரியலயே."

நான் வாயைத் திறந்தேன். மனைவி முந்திக்கொண்டாள்.

"தெரு முக்குல பிள்ளையார் இருக்காருல்ல சார், அங்க வந்ததும் இவரு வண்டிய ஸ்லோ பண்ணி ரெண்டு ஆரன் அடிப்பாரு. இருபது வருஷமா. கேட்டா வளைவுன்னு சொல்வாரு. அங்க வளைவே கெடையாது."

மருந்துக்கடைக்காரர் கர்ச்சீப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். நான் போக்குவரத்து விதிகளைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"எனக்கு ஆபரேசன் பண்ணுனப்ப, ஆபீஸ் ஆடிட்டுன்னு சொல்லிட்டுப் பேரையூர்ப் பக்கம் போய் வந்தாரு. இவுக கொலதெய்வம் அங்கதான் இருக்கு. சட்டையத் தொவைக்கும்போது பையில திருநீறு மடிச்ச தாளு. நான் கேட்டுக்கிறல. எடுத்து வெச்சிருக்கேன், பீரோல."

எனக்குத் தெரியாது அது. தாள் எங்கோ பஸ்ஸில் விழுந்துவிட்டதாக ஒன்பது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோயிலில், சுற்றிலும் காய்ந்த கருவேலங்காட்டுக்கு நடுவில், அரிவாளோடு நிற்கிற கருப்பன் முன்னால் நானும் அரை மணி நேரம் நின்றேன். அங்கேயும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பந்தியில் ரசத்துக்குப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன். நல்லவேளை, கருப்பன் திரும்பிப் பார்க்கிற சாதி.

முதல்வர் எழுந்து கை கொடுத்தார்.

வாக்கெடுப்பு அவர்கள் முறைப்படி உருண்டைகளால் நடப்பது. ஒரு பெட்டிக்குள் கைவிட்டு, ஏற்கிறவர் வெள்ளை உருண்டை போடுவார், மறுக்கிறவர் கறுப்பு. யார் எதைப் போட்டார் என்று தெரியாது. ஒரு கறுப்பே ஆளைக் கவிழ்க்கப் போதும் என்று டாக்டர் சொல்லிவைத்திருந்தான். என் கட்டுரைகளில் அடிபட்டவர்களில் எத்தனை பேருக்குக் கறுப்புக் கோட்டு இருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணாமலே இருந்திருக்கலாம். இதற்கிடையில் திருவிழாக் கூட்டத்தில் வண்டி நகராது என்று அந்த மாதக் கூட்டம் தள்ளிப்போயிற்று. அழகர் ஆற்றில் இறங்கினார். என் உருண்டைகள் இறங்கவில்லை. வாக்கெடுப்பு நடந்தபோது டாக்டர் வீட்டில் பாதிச் சாமான் லாரி ஏறிவிட்டது. அன்று சாயங்காலம் போன் செய்தான்.

"எல்லாம் வெள்ளை மாப்ள. பிரின்சிபால் ஒரு சேதி சொல்லச் சொன்னாரு. ரெண்டு மணி நேரம் இல்லையாம். ஒண்ணே முக்காலாம்."

அந்த வாரமே அவன் போய்விட்டான். சடங்கு அடுத்த கூட்டத்தில், அவன் இல்லாமல்.

வருவான் என்றுதான் நினைத்தேன். முன்மொழிந்தவன், வராமல் இருப்பானா? தினமும் போனில் பேசினோம். கோயம்புத்தூரில் ராத்திரி போர்வை தேவைப்படுகிறது என்றான். பேத்திக்குப் பால்பல் ஆடுகிறது என்றான். நான் தேதியை இரண்டு முறை பேச்சில் நுழைத்தேன். "ம்" என்றான். வாரேன் என்று சொல்லவில்லை. ஒரு நாள் போனை வைத்துவிட்டு, இவனுக்கே தெரியவேண்டாமா என்று முணுமுணுத்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி நிமிரவில்லை.

"ரசம் தாண்டிப் போகுது. சத்தம் குடுங்க."

போன் போட்டேன். "டேய், எனக்கு அங்க வேற யாரும் பழக்கமில்ல. நீ வரணும். வா" என்றேன்.

மறுமுனையில் பேத்தி பாடிக்கொண்டிருந்தாள்.

"டிக்கெட்டு போட்டு வெச்சிருக்கேன்" என்றான். "போன வாரமே. நீ கேக்குறியா இல்லையான்னு பாத்தேன்."

முதல் தடவை பதினோரு வருஷம், இந்தத் தடவை பதினோரு நாள். முன்னேற்றம்தான்.

சடங்கு நாளான சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கோயம்புத்தூர் வண்டிக்காக நின்றேன். என் கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்த கோட்டு மேலே. வெள்ளரிக்காய் விற்கிற அம்மா என்னை வக்கீல் என்று நினைத்து, ஒரு பட்டா தகராறை விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி வந்தது. அவன் கோட்டைச் சலவைக்கடை உறையோடு கையில் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கினான். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"பட்டன் போடலயா மாப்ள?"

"போட்டா மூச்சு விட முடியல."

"உள்ள போனதும், யாரும் கூப்பிடாம நீயா விரும்பித்தான் வந்தியான்னு கேப்பாங்க" என்றான் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்திக்கொண்டே. "அதுக்குப் பதில் சொல்றதுக்காவது கொஞ்சம் மூச்சு மிச்சம் வெய்யி."